ஆட்டம், தூக்கம், உடல் கடிகாரம்: சமநிலைப் புலனைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அழும் குழந்தையை ஆட்டித் தூங்கவைக்காத வீடு எங்கும் இருக்காது. ஆனால் அந்த ஆட்டம் உடலின் எந்த உறுப்பைத் தொடுகிறது, பெரியவர்களுக்கும் அது பலிக்குமா, இரவு பகல் ஒழுங்கையே அதனால் மாற்ற முடியுமா என்ற கேள்விகளை ஆய்வகங்கள் கையில் எடுத்தது அண்மைக்காலத்தில்தான். அதற்குள் ஆடும் கட்டில்களும், காதுக்குப் பின்னால் மின்னோட்டம் செலுத்தும் கருவிகளும் விற்பனைக்கு வந்துவிட்டன. தூக்கமில்லாமல் தவிப்பவர்கள் எதையும் முயன்று பார்க்கத் தயாராக இருப்பார்கள். அவர்கள் பணத்தையும் நம்பிக்கையையும் இழக்கக்கூடாது என்ற அக்கறையில் இதை எழுதுகிறேன். தூக்கத்தை வரவழைப்பது ஒரு வேலை. உடல் கடிகாரத்தை நகர்த்துவது வேறொரு வேலை. இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சமநிலைப் புலன் என்பது எது? அது எங்கே இருக்கிறது?

உட்காதில், கேட்கும் உறுப்புக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. ஒவ்வொரு காதிலும் ஐந்து பகுதிகள். மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை திரும்புவதையும் சுழல்வதையும் உணர்கின்றன. மற்ற இரண்டும் சிறு பைகள். அவற்றின் உள்ளே ஒரு கூழ்ப்படலத்தின் மேல் கால்சியம் கார்பனேட் படிகங்கள் பதிந்திருக்கும். தலை சாய்ந்தாலோ, உடல் முன்பின்னாகவோ மேலும் கீழுமாகவோ நகர்ந்தாலோ அந்தப் படிகங்களின் எடை அடியில் உள்ள நுண்மயிர் அணுக்களை வளைக்கிறது. அணுக்கள் எட்டாவது மூளை நரம்பின் வழியாக மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்புகின்றன. இந்தப் படிகப் பைகள்தான் நம்முடைய இன்றைய பேச்சுக்கு நாயகர்கள். ஊஞ்சல், தொட்டில், ஆடும் கட்டில் ஆகியவற்றின் மெல்லிய ஆட்டத்தை முக்கியமாக உணர்பவை இவையே. புவியீர்ப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று நொடிதோறும் மூளைக்குச் சொல்பவையும் இவையே.

நிற்கவும் நடக்கவும் உதவும் உறுப்புக்குத் தூக்கத்தோடு என்ன வேலை?

சமநிலை நரம்பின் செய்தி முதலில் வந்து சேரும் இடம் மூளைத்தண்டில் உள்ள நரம்பணுக் கொத்துகள். அங்கிருந்து செய்தி கண் தசைகளுக்கும் கழுத்துக்கும் முதுகுத்தண்டுக்கும் போகிறது என்பது பழைய பாடம். அதோடு நிற்கவில்லை. இதயத்துடிப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றை ஆளும் தன்னியக்க நரம்பு மையங்களுக்கும் அது போகிறது. படுத்திருந்தவர் எழுந்து நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்கிவிடாமல் காக்க வேண்டிய அமைப்புக்கு, உடல் எந்த நிலையில் இருக்கிறது என்ற தகவல் உடனே வேண்டுமல்லவா? அதே வழியில், விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் மூளைத்தண்டுப் பகுதிகளோடும், மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸில் ஓரெக்சின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் அணுக்களோடும் சமநிலைக் கொத்துகளுக்குத் தொடர்பு இருப்பது விலங்குகளில் தெரியவந்திருக்கிறது. ஓரெக்சின் குறைந்தால் பகலிலேயே கட்டுப்படாமல் தூக்கம் வரும் நார்கோலெப்ஸி நோய் உண்டாகும். விழிப்புக்கு அது அவ்வளவு முக்கியம்.

தூக்கம் என்பது உடல் அசையாமல், பெரும்பாலும் படுத்த நிலையில் நடப்பது. ஆகவே உடலின் நிலையையும் அசைவையும் அறியும் புலன், விழித்திருக்கலாமா உறங்கலாமா என்ற தீர்மானத்தில் பங்கு பெறுவது எனக்கு வியப்பாகப் படவில்லை. இந்தத் தொடர்பு இவ்வளவு காலம் கவனிக்கப்படாமல் கிடந்ததுதான் வியப்பு.

நாம் தூங்கும்போது இந்தப் புலனும் தூங்கிவிடுமா?

இல்லை. கனவுத் தூக்கத்தில் மூடிய இமைகளுக்குள் விழிகள் வேகமாக அலைவதை அறிவீர்கள். 1960களில் இத்தாலிய உடலியங்கியல் அறிஞர் ஒட்டாவியோ பொம்பெயானோவும் உடன் ஆய்வாளர்களும் பூனைகளில் சமநிலைக் கொத்துகளின் சில பகுதிகளைச் சிதைத்துப் பார்த்தார்கள். கனவுத் தூக்கம் வந்தது. ஆனால் அதற்கே உரிய அந்த விழியலைச்சல் மறைந்துபோனது. உறக்கத்தின் நடுவிலும் இந்தக் கொத்துகள் வேலையில் இருக்கின்றன என்பதற்கு அது பழைய, உறுதியான சான்று.

ஆட்டினால் பெரியவர்களுக்கும் தூக்கம் வருமா? சோதித்திருக்கிறார்களா?

சோதித்திருக்கிறார்கள். முதலில் பெயர் பெற்றது ஜெனீவா பல்கலைக்கழகக் குழுவின் ஆய்வு, 2011இல் வெளிவந்தது. நல்ல உடல்நலமுள்ள 12 ஆண்களை இரண்டு வெவ்வேறு நாட்களில் பிற்பகலில் 45 நிமிடங்கள் படுக்கவைத்தார்கள். ஒரு நாள் கட்டில் அசையாமல் இருந்தது. மற்றொரு நாள் நான்கு நொடிக்கு ஒரு முறை வீதம் பக்கவாட்டில் மெல்ல ஆடியது. ஆடிய நாளில் அவர்கள் விழிப்பிலிருந்து தூக்கத்துக்கு வேகமாக நழுவினார்கள். தூக்கத்தின் இரண்டாம் நிலையில் கூடுதல் நேரம் இருந்தார்கள். மூளை அலைப் பதிவில் மெதுவான அலைகளும், தூக்கக் கதிர்கள் எனப்படும் குறுகிய வேக அலைத் துடிப்புகளும் பெருகியிருந்தன.

பகல் தூக்கத்தில் கண்டது இரவில் நிலைக்குமா என்று அதே நகரத்துக் குழு மேலும் பார்த்தது. 2019இல் வெளியான அந்த ஆய்வில் 18 இளம் வயதினர் ஒரு முழு இரவு ஆடும் கட்டிலிலும் ஒரு முழு இரவு அசையாத கட்டிலிலும் தூங்கினார்கள். ஆடிய இரவில் விரைவாகத் தூங்கினார்கள். ஆழ்ந்த தூக்கம் கூடியது. இடையில் விழிப்புத் தட்டுவது குறைந்தது. படுக்கும் முன் மனப்பாடம் செய்த சொல் இணைகளைக் காலையில் கூடுதலாக நினைவுகூர்ந்தார்கள். எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது வேறொரு கண்டுபிடிப்பு: மூளையின் மெதுவான அலைகளும் தூக்கக் கதிர்களும் கட்டிலின் ஆட்டத்தோடு நேரம் பொருந்தி எழுந்தன. அதாவது ஆட்டம் ஒரு தாளம்போல், மூளையின் நடுவில் உள்ள தலாமஸையும் மூளையின் வெளிப்படலமான புறணியையும் தன்னோடு இழுத்துச் சென்றிருக்கிறது. "ஆடினால் சுகமாக இருக்கிறது, அதனால் தூக்கம் வருகிறது" என்ற விளக்கம் இந்த நேரப் பொருத்தத்துக்குப் போதாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சூரிச்சில் உள்ள ஆய்வாளர்கள் தாங்களே வடிவமைத்த ஆடும் கட்டிலில் செய்த சோதனையில் தூக்கக் கதிர்கள் ஓரளவு கூடினாலும், தூங்கிய நேரம், ஆழம் ஆகியவற்றில் சொல்லும்படியான முன்னேற்றம் தெரியவில்லை. கட்டில் ஆடும் திசை, வேகம், எவ்வளவு நேரம் ஆட்டினார்கள் என்பவையெல்லாம் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன. பங்கேற்றவர்களும் பெரும்பாலும் ஏற்கெனவே நன்றாகத் தூங்குபவர்கள். நன்றாகத் தூங்குபவரின் தூக்கத்தை மேலும் நன்றாக்குவது கடினம். ஆண்டுக்கணக்கில் தூக்கமின்மையோடு போராடுபவருக்கு இது உதவுமா என்பதை இந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு முடிவுகட்டவும் கூடாது.

தூக்கம் வருவதற்குக் காதுதான் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும்? தோலில் படும் அசைவாகவும் இருக்கலாமே?

நல்ல கேள்வி. மனிதர்களில் காதை மட்டும் பிரித்து ஆட்ட முடியாது. கட்டில் ஆடினால் தோலும் தசையும் மூட்டும் எல்லாம் சேர்ந்தே உணரும். விடை சுண்டெலிகளிடமிருந்து வந்தது. பிறவியிலேயே படிகங்கள் உருவாகாத ஒரு வகைச் சுண்டெலி உண்டு. மற்றவற்றோடு பார்க்கையில் தலை சாய்த்தே திரியும். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பால் ஃபிராங்கன் குழு, சாதாரணச் சுண்டெலிகளையும் இந்தக் குறையுள்ளவற்றையும் ஒரே மாதிரி கூண்டோடு ஆட்டியது. சாதாரணச் சுண்டெலிகள் விரைவில் தூங்கின, கூடுதல் நேரமும் தூங்கின. படிகம் இல்லாதவற்றுக்கு ஆட்டத்தால் எந்தப் பலனும் இல்லை. தோலும் தசையும் இரண்டு வகைக்கும் ஒன்றுதான். இல்லாமல் போனது காதிலுள்ள படிகங்கள் மட்டுமே. இதைவிடத் தெளிவாக ஒரு சோதனை பேச முடியாது.

எந்த வேகத்தில் ஆட்ட வேண்டும்?

ஜெனீவாவில் மனிதர்களுக்குப் பயன்படுத்தியது 0.25 ஹெர்ட்ஸ், அதாவது போய் வர நான்கு நொடிகள். கட்டில் நகர்ந்த தூரம் சுமார் 10 சென்டிமீட்டர். சுண்டெலிகளுக்கு நொடிக்கு ஒரு முறை ஆட்டியபோதுதான் பலன் கிடைத்தது. படிகப் பைகள் உணர்வது முடுக்கத்தை, வேகத்தை அல்ல. சீராக ஓடும் வண்டியில் கண்ணை மூடிக்கொண்டால் ஓடுவதே தெரியாமல் இருப்பது இதனால்தான். ஆட்டத்தில் ஒவ்வொரு முனையிலும் திசை திரும்பும்போது முடுக்கம் பிறக்கிறது. அது போதுமான அளவு இருந்தால்தான் புலன் விழித்துக்கொள்ளும், அளவு மீறினால் தூக்கமும் கலையும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பயணக் குமட்டலை மிக எளிதாக வரவழைக்கும் ஆட்டம் எது என்று கடற்பயண ஆய்வுகள் கண்டிருக்கின்றன: ஏறக்குறைய 0.2 ஹெர்ட்ஸில் மேலும் கீழுமாக நடக்கும் பெரிய அசைவு. தூக்கம் தரும் ஆட்டமும் குமட்டல் தரும் ஆட்டமும் வேகத்தில் இவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன! அளவும் திசையும்தான் இரண்டையும் பிரிக்கின்றன. சிறிய, பக்கவாட்டு, மாறாத ஆட்டம் ஒரு பக்கம். பெரிய, செங்குத்தான, எப்போது எப்படி வரும் என்று தெரியாத ஆட்டம் மறுபக்கம். வலுவாக ஆட்டினால் இன்னும் நன்றாகத் தூங்கலாம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

பஸ்ஸிலும் ரயிலிலும் ஏறியதும் கண்ணைச் சொக்குவதும் இதனால்தானா?

ஓரளவு. மெல்லிய ஆட்டம், மாறாத இரைச்சல், கவனிக்க எதுவும் இல்லாமை, ஏற்கெனவே சேர்ந்த தூக்கக் கடன் எல்லாம் அங்கே கூடிவிடுகின்றன. ஆனால் இன்னொரு வகை மயக்கமும் உண்டு. 1976இல் கிரேபியல், நெப்டன் என்ற ஆய்வாளர்கள் இதற்கு சோபைட் நோய்க்குறி என்று பெயரிட்டார்கள். குமட்டலே இல்லாமல், அசைவின் காரணமாக மட்டும் வரும் சோர்வு, கொட்டாவி, எதிலும் மனம் ஒட்டாமை ஆகியவை இதன் அடையாளங்கள். பயணம் முடிந்த பின்னும் மணிக்கணக்கில் நீடிக்கலாம். இது இளைப்பாற்றும் உறக்கத்துக்குச் சமம் அல்ல. விமானிகள், மாலுமிகள், நீண்ட தூரம் வண்டி ஓட்டுபவர்கள் இதை அறிந்து வைத்திருப்பது உயிர் காக்கும். குமட்டவில்லையே என்று நம்பி ஓட்டிக்கொண்டே இருப்பதுதான் ஆபத்து.

சரி, உடல் கடிகாரம் என்றால் என்ன? அதற்கும் காதுக்கும் தொடர்பு உண்டா?

ஹைப்போதலாமஸில், இரு கண்களின் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு கொத்து இருக்கிறது. சூப்ராகயாஸ்மாட்டிக் கரு என்பார்கள். அதுவே தலைமைக் கடிகாரம். வெளிச்சமே படாத இடத்தில் வைத்தாலும் அது தானாக ஓடும். மனிதர்களில் ஒரு சுற்றுக்குச் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாக எடுக்கும். அந்த மிச்சத்தை நாள்தோறும் திருத்தி வெளியுலகோடு பொருத்துவது முதன்மையாக ஒளி. விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமியைக் கொண்ட சிறப்பு அணுக்கள் ஒளியின் அளவை நேரே கடிகாரத்துக்குச் சொல்கின்றன. இரவு வந்ததை உடலுக்கு உணர்த்தும் மெலடோனின் என்ற சுரப்பு மாலையில் எழுவதும், உடலின் உள்வெப்பம் இரவில் இறங்கி, வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு மிகக் குறைவான அளவைத் தொடுவதும் இந்தக் கடிகாரத்தின் முட்கள்.

ஒளி மட்டுமே திருத்துகிறது என்றும் இல்லை. உடற்பயிற்சி, உணவு நேரம் போன்றவையும் ஓரளவு பங்கு பெறுகின்றன. இப்படிப்பட்ட ஒளியல்லாத செய்திகள் கடிகாரத்துக்குப் போகும் முக்கிய வழி தலாமஸில் உள்ள ஒரு மெல்லிய அணுப் படலம். அந்தப் படலத்துக்கு மூளைத்தண்டின் சமநிலைக் கொத்துகளிலிருந்தும் நரம்பிழைகள் வருகின்றன என்பதை வெள்ளெலி போன்ற கொறிவிலங்குகளில் தடமறிந்திருக்கிறார்கள். ஆகவே காதிலிருந்து கடிகாரம் வரை போக ஒரு பாதை இருக்கிறது. அந்தப் பாதையில் உண்மையில் போக்குவரத்து நடக்கிறதா என்பதே கேள்வி.

இரண்டு சான்றுகள் ஆம் என்று சொல்லும் பக்கம் சாய்கின்றன. கலிஃபோர்னியாவில் சார்லஸ் ஃபுல்லரும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், சுண்டெலிகளைச் சுழலும் பொறியில் வைத்துப் புவியீர்ப்பு இரு மடங்கானது போன்ற நிலையை உண்டாக்கினார்கள். சாதாரணச் சுண்டெலிகளின் உடல்வெப்பமும் நடமாட்டமும் சட்டென்று சரிந்தன. அவற்றின் நாள் ஏற்ற இறக்கமும் மங்கியது. படிகம் இல்லாத சுண்டெலிகளை இந்த மாற்றம் அவ்வளவாகத் தொடவில்லை. உடல் கனத்ததால் ஏற்பட்ட களைப்பு மட்டுமே காரணம் என்றால் இரண்டு வகையும் ஒரே மாதிரி சரிந்திருக்க வேண்டும். இரண்டாவது சான்று பிரான்ஸிலிருந்து 2015இல் வந்தது: இரு காதுகளிலும் சமநிலை உறுப்பை இழந்த எலிகளின் உடல்வெப்பத்திலும் நடமாட்டத்திலும் நாள் ஒழுங்கு குலைந்தது.

அப்படியானால் நேர மண்டலம் மாறிப் பறப்பதால் வரும் ஜெட் லாக்கை ஊஞ்சலாடிச் சரிசெய்யலாமா? இரவு வேலைக்கு உடலைப் பழக்கலாமா?

அதற்கு இன்று ஆம் என்று சொல்ல இடமில்லை. விலங்குகளில் உடல்வெப்ப ஒழுங்கு மங்கியது என்பதால் கடிகாரமே நகர்ந்தது என்று ஆகிவிடாது. முள்ளை விரலால் பிடித்து நிறுத்தலாம். உள்ளே இருக்கும் பொறி தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். உடல்வெப்பத்தை வேறு வழிகளிலும் மாற்ற முடியும், கடிகாரத்தைத் தொடாமலேயே.

கடிகாரம் நகர்ந்தது என்று காட்ட ஒரு கடினமான சோதனை தேவை. மங்கிய ஒளியில் ஒருவரை உட்காரவைத்து, மாலையில் மெலடோனின் எப்போது எழத் தொடங்குகிறது என்று உமிழ்நீரிலோ ரத்தத்திலோ அளக்க வேண்டும். பிறகு சமநிலைப் புலனைத் தூண்டி, அடுத்த நாட்களில் அந்த எழுச்சி முன்னால் வருகிறதா பின்னால் போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒளி, உணவு, தூங்கிய நேரம், உடல் உழைப்பு எல்லாவற்றையும் மாறாமல் வைத்திருக்கவும் வேண்டும். ஒருவர் சீக்கிரம் தூங்கிவிட்டால் அவர் கண்ணில் ஒளி படும் நேரம் மாறிவிடும். அந்த ஒளியே கடிகாரத்தை நகர்த்திவிடும். ஆட்டம் செய்ததா, ஒளி செய்ததா என்று பிரித்தறிய இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது. "உடல் கடிகாரத்தைச் சீராக்கும்" என்று ஒரு கருவி விளம்பரம் செய்தால், மெலடோனின் எழுச்சியை அளந்து பார்த்தார்களா என்று கேளுங்கள். தூக்கம் நன்றாக இருந்ததா என்று கேள்வித்தாளில் குறித்துக் கொடுத்ததைக் காட்டினால், அது தூக்கத்தைப் பற்றிய சான்றுதான். கடிகாரத்தைப் பற்றியது அல்ல.

நேர மண்டலம் மாறிப் பயணம் செய்பவர்களுக்கு நன்கு நிறுவப்பட்ட வழி ஒளியே. உள்வெப்பம் மிகக் குறையும் அந்த விடியற்கால நேரத்துக்கு முன்பு படும் ஒளி கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும்; அதற்குப் பிறகு படும் ஒளி முன்னுக்கு இழுக்கும். இதை அறிந்து வெளிச்சத்தைத் தேடுவதும் தவிர்ப்பதும் எந்த ஊஞ்சலையும்விடப் பயன் தரும்.

விண்வெளியில் புவியீர்ப்பு உணர்வே இல்லையே, அங்கே தூக்கம் என்ன ஆகிறது?

கெடுகிறது. விண்வெளி ஓடத்திலும் சர்வதேச விண்வெளி நிலையத்திலும் பயணித்தவர்களை அளந்த ஒரு பெரிய ஆய்வு 2014இல் வந்தது. அவர்கள் இரவுக்குச் சராசரியாக 6 மணி நேரம்தான் தூங்கினார்கள். பலர் தூக்க மாத்திரையும் எடுத்தார்கள். காதின் படிகங்கள் அங்கே சாய்வைச் சொல்ல முடியாமல் போவது உண்மை. ஆனால் ஒரு நாளில் 16 முறை சூரியன் உதிக்கும் சுற்றுப்பாதை, இரைச்சல், வேலைப்பளு, நேரம் மாற்றி வைக்கும் பணி அட்டவணை ஆகியவையும் கூடவே இருக்கின்றன. இதைக் காதின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது.

காதுக்குப் பின்னால் மின்னோட்டம் கொடுக்கும் கருவிகளை நம்பலாமா?

சமநிலைப் புலனைத் தூண்ட உடலை ஆட்டியே ஆகவேண்டும் என்பதில்லை. காதுக்குள் வெதுவெதுப்பான அல்லது குளிர்ந்த நீரை விட்டால் அரைவட்டக் குழாயின் திரவம் நகர்ந்து கண்கள் துடிக்கும். ராபர்ட் பாரானி இதை விளக்கினார், சமநிலை உறுப்பு பற்றிய பணிக்காக 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார். மருத்துவமனைகளில் இன்றும் இதைப் பரிசோதனையாகச் செய்கிறார்கள். மற்றொரு வழி, இரு காதுகளுக்குப் பின்னாலும் உள்ள எலும்பின் மேல் மின்முனைகளை ஒட்டி ஓரிரு மில்லி ஆம்பியர் அளவுள்ள மின்னோட்டத்தைச் செலுத்துவது. அப்போது உடல் ஆடுவதுபோன்ற உணர்வு வரும்.

தூக்கத்துக்கு இதைச் சோதித்த ஆய்வுகளில் எனக்கு மிகப் பயனுள்ள பாடமாகத் தோன்றுவது 2010இல் வெளியானது. நல்ல உடல்நலமுள்ளவர்களை வழக்கத்தைவிட 4 மணி நேரம் முன்னதாகவே படுக்கச் சொல்லித் தற்காலிகத் தூக்கமின்மையை உண்டாக்கினார்கள். ஒரு பகுதியினருக்கு மின் தூண்டல், மற்றவர்களுக்குப் போலித் தூண்டல். மொத்தமாகப் பார்த்தபோது தூங்க எடுத்த நேரத்தில் உறுதியான வேறுபாடு இல்லை. சாதாரணமாகவே தூங்க 14 நிமிடத்துக்கு மேல் எடுப்பவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது பலன் தெரிந்தது. இப்படி முடிவு வந்தபின் பிரித்துப் பார்ப்பது அடுத்த சோதனைக்கான யோசனையைத் தரும், நிரூபணம் ஆகாது. விற்பவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்ல மாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காதுக்குப் பின்னால் மெல்லிய குறுகுறுப்பு தெரியும் எந்தக் கருவியிலும், போலிக் கருவி எது, உண்மைக் கருவி எது என்று பங்கேற்பவர்கள் ஊகித்துவிட வாய்ப்பு அதிகம். தூக்கம் நம்பிக்கைக்கு மிக எளிதில் வசப்படுவது. ஆகவே இந்தத் துறையில் போலிச் சிகிச்சையோடு ஒப்பிடாத ஆய்வுகளை நான் கணக்கில் எடுப்பதில்லை.

தலைசுற்றல் நோய் உள்ளவர்கள் பலர் தூக்கம் இல்லை என்கிறார்களே?

சொல்வது உண்மை. அதற்குப் பல காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. படிகங்கள் கழன்று அரைவட்டக் குழாய்க்குள் புகுந்துவிடும் நோய் ஒன்று உண்டு. படுக்கையில் புரண்டாலே அறை முழுவதும் சுழலும். அந்தப் பயத்தில் இரவெல்லாம் ஒரே பக்கமாகப் படுத்து, அரைத்தூக்கத்தில் கிடப்பார்கள். இவர்களுக்குத் தூக்க மாத்திரை தீர்வாகாது. எப்லி முறை என்ற, தலையை வரிசையாகத் திருப்பிப் படிகங்களைப் பழைய இடத்துக்கு அனுப்பும் எளிய சிகிச்சை பலருக்கு ஓரிரு முறையிலேயே குணம் தருகிறது. இதை அறியாமல் மாதக்கணக்கில் தவிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

தலைசுற்றலோடு வரும் ஒற்றைத் தலைவலியில் வட்டம் எதிர்த்திசையிலும் சுழலும்: தூக்கம் கெட்டால் தலைசுற்றல் வரும், தலைசுற்றல் வந்தால் தூக்கம் கெடும். கூடவே பதற்றமும் சேர்ந்துகொள்ளும். தலைசுற்றலுக்குக் கொடுக்கும் மெக்லிசின், டைமென்ஹைட்ரினேட் போன்ற மருந்துகள் தூக்க மயக்கம் தருபவை. நாள்கணக்கில் நீட்டித்தால், இழந்த சமநிலையை மூளை தானாக ஈடுகட்டிக்கொள்வதை அவை தாமதப்படுத்தும். எத்தனை நாள் எடுக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

முதியவர்களுக்கு ஆடும் கட்டில் உதவுமா?

வயதாக ஆக நுண்மயிர் அணுக்களும் சமநிலை நரம்பிழைகளும் குறைகின்றன. ஆழ்ந்த தூக்கமும் குறைகிறது. இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவையாக இருக்கலாம் என்ற எண்ணம் கவர்ச்சியானது. ஆனால் சூரிச் குழு முதியவர்களை ஆட்டிப் பார்த்தபோது அவர்கள் தூக்கத்தின் அமைப்பு மேம்படவில்லை. முதியவர்களைப் பொறுத்தவரை எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, ஆடும் கட்டிலிலிருந்து இரவில் எழுந்து இறங்கும்போது விழுந்துவிடக்கூடாது என்பது. இடுப்பெலும்பு முறிவை எந்தத் தூக்கமும் ஈடுசெய்யாது.

கைக்குழந்தையை ஆட்டித் தூங்கவைப்பது பாதுகாப்பானதா?

கையில் ஏந்தி மெல்ல ஆட்டுவதும் நடப்பதும் பாதுகாப்பானவை, பலனும் தருபவை. ஜப்பானில் குமி குரோடா தலைமையில் 21 கைக்குழந்தைகளைக் கவனித்து 2022இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, நின்று நின்று நடக்காமல் 5 நிமிடம் சீராக நடந்தால், அழுகை அடங்குகிறது, இதயத்துடிப்பு இறங்குகிறது. ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் தூங்கிவிடுகின்றன. தூங்கியதும் உடனே கிடத்தினால் பல குழந்தைகள் விழித்துக்கொள்கின்றன. கீழே படுக்கை படும் கணத்தைவிட, தாயின் உடலிலிருந்து பிரியும் கணமே அவற்றை உசுப்புகிறது. ஆகவே தூங்கிய குழந்தையை வைத்துக்கொண்டு 5 முதல் 8 நிமிடம் உட்கார்ந்திருந்து, பிறகு கிடத்தச் சொல்கிறார்கள் அந்த ஆய்வாளர்கள்.

சில விஷயங்களில் கண்டிப்பு தேவை. குழந்தையைக் குலுக்கக்கூடாது, ஒருபோதும். பச்சிளம் குழந்தையின் கழுத்து தலையைத் தாங்காது, வேகமாகக் குலுக்கினால் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு உயிரே போகக்கூடும். அழுகையைத் தாங்க முடியாத எரிச்சல் வந்தால் குழந்தையைப் பத்திரமாகக் கிடத்திவிட்டு நீங்கள் சற்று விலகி நில்லுங்கள். இன்னொன்று: சாய்வு இருக்கையிலும், கார் இருக்கையிலும், தானியங்கி ஊஞ்சலிலும் தூங்கிவிட்ட குழந்தையை அங்கேயே இரவு முழுவதும் விடக்கூடாது. தலை முன்னால் கவிழ்ந்து மூச்சுக்குழல் மடங்கக்கூடும். அதைத் தூக்கி, கெட்டியான, சமதளமான படுக்கையில் மல்லாந்த நிலையில் கிடத்துங்கள். தலையணை, மெத்தென்ற துணிகள் பக்கத்தில் வேண்டாம்.

யார் இதை முயலக்கூடாது?

காதின் சமநிலை நோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர்கள், தலைசுற்றலோடு வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், எளிதில் பயணக் குமட்டல் வருபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஆடும் கட்டிலோ ஊஞ்சலோ முயல வேண்டாம். மின் தூண்டல் கருவிகளைப் பொறுத்தவரை பட்டியல் நீளும்: இதயத்தில் பேஸ்மேக்கர், காதில் உள்வைப்புக் கருவி, வலிப்பு நோய், கர்ப்பம். இவர்களில் யாரும் தாமாக வாங்கி ஒட்டிக்கொள்ளக்கூடாது.

ஊஞ்சலாவது ஆடிப் பார்க்கலாமா? எப்படி?

தாராளமாக. படுக்கும் முன் சிறிது நேரம், விளக்குகளை மங்கவைத்து, போய் வர நான்கு நொடி ஆகும் அளவுக்கு மெல்ல ஆடுங்கள். குறுக்கே வேகமாகத் திரும்பாமல் ஒரே திசையில் ஆடட்டும். கையில் கைபேசி வேண்டாம். கண்கள் அசையாத எழுத்தைப் பார்க்க, காது அசைவைச் சொல்ல, இந்த முரண்பாடே குமட்டலுக்கு வழி. ஊஞ்சலிலேயே தூங்கிவிடாமல், கண் சொக்கியதும் படுக்கைக்குப் போங்கள். சில வாரங்கள் இப்படிச் செய்தும் வாரத்தில் மூன்று இரவுகளோ அதற்கு மேலோ தூக்கம் வராமல், பகல் வேலையும் கெட்டு, மாதங்கள் கடந்துகொண்டிருந்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை. அதற்கு முதல் சிகிச்சையாகப் பரிந்துரைக்கப்படுவது, படுக்கை நேரத்தையும் பழக்கங்களையும் தூக்கம் பற்றிய எண்ணங்களையும் முறையாகச் சீர்செய்யும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. இரவில் உரத்த குறட்டையும் மூச்சுத் திணறலும் இருந்தால் அதற்கு முன்பாகவே தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மூச்சு தடைபட்டு விழிக்கும் ஒருவரை எவ்வளவு ஆட்டினாலும் அவர் தூக்கம் மீளாது.